மழையே இல்லை, பரணில் ஏன் சொட்டுகிறது?

வணக்கம். காலை ஆறு மணி, பெங்களூர் அல்சூர். ஏணியில் நின்றபடி பரணுக்குள் தலையை நுழைத்திருக்கிறேன். படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை மேலே காட்டுகிறேன். தகர ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் தெரிகிறதா? இந்தத் திருகாணியின் முனையைப் பாருங்கள். சொட்டு பெருத்துக்கொண்டே வருகிறது... விழுந்துவிட்டது. நேராகக் கொலு பொம்மைப் பெட்டியின் மேல்.

டிசம்பர் மாதம். மழையைக் கண்டு வாரக்கணக்காகிறது. ஆனாலும் எங்கள் தெருவில் ஷீட் போட்டவர்கள் எல்லோரும் "ஒழுகுகிறது" என்றே சொல்கிறார்கள். ஒழுகல் மழையன்று வரும். ஒரே இடத்தில் பழுப்பு வட்டம் போடும். இது கூரை முழுக்கப் பரவி, வானம் மேகமில்லாமல் கிடந்த இரவின் விடியலில் வருகிறது. மேகம் மூடிய இரவுகளில் அவ்வளவாக இருக்காது. அதை வைத்தே இது ஒழுகல் இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

தெளிந்த இரவில் தகடு தன் சூட்டை வானத்திடம் விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். பெங்களூரில் டிசம்பர் இரவு 16 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தகடு அதற்கும் கீழே போகும். வீட்டுக்குள் 25 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று மேலே ஏறி, 17 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும்.

அவ்வளவு ஈரம் ஏது? குளியலும், உள்ளே உலர்த்தும் துணியும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது கேஸ் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஆமாம், கேஸின் எடையைவிடக் கூடுதல். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது அல்லவா! இட்லிப் பானையின் ஆவி தனிக் கணக்கு.

சமீபத்தில் ஒருவர் வந்து, கூரைமேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் தீர்ந்துவிடும் என்று விலை சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் மேலிருந்து வரவே இல்லையே ஐயா! வெள்ளைப் பூச்சு பகல் வெயிலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பளபளக்கும் வெறும் தகட்டைவிட, பூச்சு அடித்த தகடுதான் இரவில் சூட்டை அதிகமாக இழக்கும். காசும் போகும், சொட்டும் கூடும்.

இதோ பெட்டியைத் திறக்கிறேன். காகிதக் கூழ் செட்டியார். செய்தித்தாளில் சுற்றி வைத்ததால் கன்னத்தில் ஏதோ நில விளம்பரம் இடவலமாகப் பதிந்திருக்கிறது. இனி பருத்தித் துணிதான். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியே வராது. பெட்டிக்கு மேலே குடைபோல விரித்தால் போதும்.

முதல் வேலை, ஆவியைப் பரணுக்கு ஏறவிடாமல் தடுப்பது. எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்: பரணுக்குள்ளேயே! கட்டியவரைக் கும்பிட வேண்டும். அதை வெளிச்சுவர் வரை நீட்டப்போகிறேன். குளியலறைக் கதவுக்கு மேலுள்ள இடைவெளியையும் அடைக்க வேண்டும். பிறகு பரணின் இரு முனைச் சுவர்களிலும் எதிரெதிரே துவாரம், புறாவும் எலியும் நுழையாதபடி கம்பி வலை.

இதற்குப் பிறகும் சொட்டினால், தகட்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரை ஷீட். இணைப்புகளை டேப் போட்டு முழுமையாக மூட வேண்டும். இடைவெளி விட்டால் ஈரக்காற்று பின்னால் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே சொட்டும், தகடும் துருப்பிடிக்கும். மலிவு என்று சாதாரணத் தெர்மோகோலை ஒட்டாதீர்கள், சமையலறைக்கு மேலே வேண்டவே வேண்டாம். எளிதில் தீப்பற்றும்.