விழா முடிந்த மறுநாள் மதகை யார் திறப்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, தலைவர்களின் விளம்பர மோகத்தை எப்போதும் சாடுகிறீர்கள். முகம் தெரியாதவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? படம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?" இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

முகம் தெரியட்டும் தம்பி. அந்த முகத்துக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார்கள், வேலைக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசும் பல மாநில அரசுகளும் மறுசீராய்வு கேட்டு ஓடின. அடுத்த மார்ச்சிலேயே முதலமைச்சர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி வாங்கிவிட்டார்கள். பத்தே மாதம்!

இப்போது நம் தண்ணீருக்கு வாருங்கள். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டு வழியாக நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்பதும் அதிலேயே இருக்கிறது. கையெழுத்து பின்னால் ஆனாலும் ஒப்பந்தம் 1958 முதலே நடப்பில் இருப்பதாகக் கணக்கு என்பதால் முதல் மறுபரிசீலனை 1988-இல் வந்திருக்க வேண்டும். 2019 செப்டம்பரில்தான் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசிக் குழு அமைத்தார்கள். சந்தித்தது நல்லது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குப் பிறகும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கேமரா இல்லாத அறையில், கணக்கு நோட்டை விரித்துவைத்துப் பேச வேண்டிய வேலை அது.

மலம்புழை அணை பற்றிப் பேசியபோதே சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்: ஆட்சியை அளக்க வேண்டுமானால் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கிளை வாய்க்காலைச் சீரமைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். பந்தல், செண்டைமேளம், கிரானைட் கல்வெட்டு, அதில் வார்டு உறுப்பினர் வரை பெயர்கள். அடுத்த கோடையில் ஷட்டரின் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது. திறந்து மூட லஸ்கர் என்னும் வாய்க்கால் பணியாளர் இல்லை, கிரீஸ் வாங்கப் பணம் ஒதுக்கவும் இல்லை. கடைசி வயல்காரர் ஒருவர் தண்ணீர் வந்திருந்தால் பிழைத்திருக்கும் தென்னைகளை வெட்டித் தள்ளினார். அதைப் பார்த்தவன் நான். இன்னும் ஆறவில்லை. பராமரிப்புக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதனாலேயே அதற்குப் பணமும் வருவதில்லை.

தம்பி, நீங்கள் என்னிடம் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் வேறொன்றைக் கேளுங்கள். கேரளத்தில் வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அங்கே எழுந்து நின்று, தமிழிலேயே கேளுங்கள்: இந்த ஆண்டு வாய்க்கால் தூர்வார எவ்வளவு பணம், எந்த மாதம் வேலை தொடங்கும், ஊரக வேலைத் திட்டத்தில் அதைச் சேர்த்தார்களா, லஸ்கர் பணியிடம் நிரப்ப நீர்ப்பாசனத் துறைக்கு எழுதினார்களா? பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், அடுத்த பேச்சில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.