ஏழு பேரும் ஒரே மூஞ்சியா?

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம். அமெரிக்க மேடையில கொரிய பாப் கலைஞர்கள் ஆசியக்காரனுக்கு வாங்கிக் கொடுத்தது மரியாதையா, வெறும் மார்க்கெட்டா? மரியாதைதான்னு பேச வந்திருக்கேன்.

ஆனா எதிரணி அண்ணன் என்னைத் தலைப்புக்குள்ள போக விடல. கொரியாவோட பி.டி.எஸ். பாட்டுக் குழுவைப் பத்தி என்ன சொல்லிட்டு உக்காந்தாரு? "பி.டி.எஸ்.ல ஏழு பேரும் ஒரே அச்சுல வார்த்த பொம்மை, எவன் எவன்னு பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. நடுவர் துண்டால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாரு, நான் பார்த்தேன்.

அண்ணே, இந்த ஜோக் உங்களுது இல்ல. வெள்ளைக்காரன் காலங்காலமா அடிச்சுத் தேஞ்சுபோன ஜோக்கு. ஒரு கதை சொல்றேன்.

1950, கொரியப் போர். சியோல்ல லீ நான்-யோங்னு பேர்போன பாடகி. புருஷன் இசையமைப்பாளர். அவரை வடகொரியப் படை பிடிச்சிட்டுப் போயிருச்சு, ஆளு திரும்பவே இல்ல. வீடு நிறையப் பிள்ளைங்க. அந்தம்மா என்ன பண்ணுச்சு? பெத்த பொண்ணு ரெண்டு, அண்ணன் தம்பி வழியில ஒரு பொண்ணு, மூணு பேரையும் உக்கார வச்சு அமெரிக்கப் பாட்டு சொல்லிக் கொடுத்துச்சு. அதுங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. அப்படியே காதால வாங்கி வாயால கக்கணும். ஒழுங்காப் பாடினா பரிசு என்ன தெரியுமா? வாழைப்பழம்!

சிரிக்காதீங்க. உங்களுக்குக் கவுண்டமணியும் செந்திலும் ஞாபகத்துக்கு வந்துட்டாங்க. அது வேற பழம். இது பசிக்குப் படிச்ச பழம். அமெரிக்கச் சிப்பாய்ங்க முன்னாடி பாடுவாங்க, அவன் விஸ்கி பாட்டில் கொடுப்பான், அதைக் கறுப்புச் சந்தையில கொடுத்துச் சாப்பாடு வாங்குவாங்க.

1959. அந்த மூணு பேரும் 'கிம் சிஸ்டர்ஸ்'ங்கிற பேர்ல லாஸ் வேகாஸ் போறாங்க. அசல் கொரியாக்காரிங்க. அவங்களை ஏத்தின ஷோவுக்குப் பேரு என்ன? 'சைனா டால் ரெவ்யூ'! அதாவது சீனப் பொம்மைக் கச்சேரி! மதுரைக்காரரைக் கூட்டிட்டுப் போய் 'பஞ்சாப் பாங்ரா'ன்னு போர்டு மாட்டின மேடையில நிறுத்தின கதை. கொரியாவா சீனாவா, அவனுக்கு என்ன கவலை, எல்லாம் ஒரே மூஞ்சி, எல்லாம் பொம்மை. எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல அண்ணே?

பொம்மைங்க சும்மா இருக்கல. கிட்டார், டிரம்ஸ், சாக்ஸபோன், கடைசியில பேக்பைப் வரைக்கும் வாசிச்சாங்க. எட் சல்லிவன் ஷோவுல இருபது தடவைக்கு மேல ஏறினாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி அமெரிக்காவே டிவி முன்னாடி உக்காந்து பார்த்த ஷோ அது.

மறுபடி சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. அர்த்தம் தெரியாத இங்கிலீஷ் பாட்டு, கூலி ஒரு வாழைப்பழம். அதே நாட்டு பி.டி.எஸ். பசங்க 2020 டிசம்பர்ல, முக்கால்வாசி கொரிய மொழியிலேயே பாடி, பில்போர்டு ஹாட் 100ங்கிற அமெரிக்கப் பாட்டுப் பட்டியல்ல முதலிடத்துல உக்காந்தாங்க. அர்த்தம் தேடி அலையுறது இப்ப யாரு? அமெரிக்காக்காரன்!

அவங்களோட இன்னொரு ஹிட்டு 'டைனமைட்' இங்கிலீஷ் பாட்டுதானேன்னு எதிரணி அக்கா கேட்டாங்க. ஆமாங்க்கா. பி.டி.எஸ்.ஸுக்கு கிராமி விருது கொடுக்கலையேன்னாங்க. கொடுக்கல. நஷ்டம் கிராமிக்குத்தான். அடுத்து வாங்க.

2021 மார்ச் 16, அட்லாண்டா. மசாஜ் ஸ்பாக்கள்ல ஒருத்தன் துப்பாக்கியோட புகுந்து எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்னான். அதுல ஆறு பேர் ஆசியப் பெண்கள். ஊரு விட்டு ஊரு வந்து உழைச்ச பொம்பளைங்க, அய்யா. அந்த மாசமே பி.டி.எஸ். எழுதினாங்க: எங்களையும் காரணமே இல்லாம திட்டியிருக்காங்க, எங்க மூஞ்சியைக் கேலி பண்ணியிருக்காங்க, ஆசியக்காரன் ஏன் இங்கிலீஷ் பேசுறான்னு கேட்டிருக்காங்க. ஸ்டேடியம் ஸ்டேடியமா நிரப்புற பசங்களுக்கே இந்தக் கதி. அடுத்த வருஷம் மே 31, இந்த வெறுப்பைப் பத்திப் பேச அதே ஏழு பேரும் வெள்ளை மாளிகையில கறுப்புக் கோட்டு போட்டு நின்னாங்க. தலைவன் இங்கிலீஷ்ல பேசினான். மத்தவங்க கொரிய மொழியில பேசினாங்க. வெள்ளை மாளிகை மைக்குல, அவங்க அம்மா பேசுற மொழியில!

அண்ணே, உங்க மக நியூஜெர்சியில இருக்கான்னு சாப்பிடுறப்போ பெருமையாச் சொன்னீங்க. 1987ல அதே நியூஜெர்சியில 'டாட் பஸ்டர்ஸ்'னு ஒரு கும்பல் இருந்துச்சு. நம்ம பொம்பளைங்க நெத்திப் பொட்டை வச்சுத்தான் அந்தப் பேரே. நம்ம ஆளுங்களைத் தேடித் தேடி அடிச்சானுங்க. இன்னைக்கு அதே அமெரிக்காவுல, பி.டி.எஸ்.ஸோட கம்பெனியான கொரியாவோட ஹைப் கூட்டுச் சேர்ந்து உருவாக்கின கேட்ஸ்ஐங்கிற பெண்கள் பாட்டுக் குழுவுல லாரா ராஜ்னு ஒரு தமிழ் வீட்டுப் பொண்ணு. நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டு ஆடுது. வெள்ளைக்காரப் பிள்ளைங்க அதைப் பார்த்துக் கத்துதுங்க.

உங்க பேத்தி போன்ல அந்த வீடியோவைக் காட்டுனா, அவகிட்டயும் "எல்லாம் ஒரே மூஞ்சி"ன்னு சொல்லுவீங்களா அண்ணே?

மணி அடிச்சுட்டாங்க. உக்காந்துக்கறேன், வணக்கம்.