முதலில் உங்கள் மடியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

[காட்சி: சமையலறை மேசை. சக்கர நாற்காலியில் ஒரு தாய். மடியில் துணியில் சுற்றிய பொட்டலம்.]

வணக்கம். என் மடியில் இருப்பது குழந்தை இல்லை, இரண்டரை கிலோ மீலி மீல். மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இந்தச் சோளமாவுப் பையைக் கட்டிலிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து மேசைக்கு என்று மாற்றி மாற்றிப் பழகினேன். பிறந்த குழந்தையும் ஏறக்குறைய 3 கிலோதானே. சக்கர நாற்காலியில் இருக்கும் எனக்கு எந்தக் குழந்தைச் சாமான் ஒத்துவரும் என்பதை எந்தக் கடைக்காரரையும்விட இந்தப் பைதான் தெளிவாகச் சொன்னது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். எனக்கு இடுப்புக்குக் கீழே பலம் இல்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. உங்களுக்கு ஒரு கை மட்டும் வேலை செய்யலாம், விரல்களில் பிடிமானம் குறைவாக இருக்கலாம். எப்படி இருந்தாலும், குழந்தை மடியில் இருக்கும்வரை பெரிய கஷ்டமில்லை. இடம் மாற்றும்போதுதான் கஷ்டம். ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி இறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் குறைக்கிற சாமானை வாங்குங்கள். மற்றது அழகாக இருந்தாலும் வேண்டாம்.

[காட்சி: அளவு டேப் தரையிலிருந்து மடிவரை நீள்கிறது.]

நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் மடி எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். தொட்டில் மெத்தை, டயப்பர் மாற்றும் இடம் எல்லாம் அந்த உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் குழந்தையைத் தூக்க வேண்டியதே இல்லை, நகர்த்தினால் போதும். டயப்பர் மாற்ற நான் தனியாக எதுவும் வாங்கவில்லை. முழங்கால் உள்ளே நுழைகிற ஒரு பழைய படிப்பு மேசை. கீழே ஏறக்குறைய 70 செ.மீ. இடைவெளி இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் நுழைந்துவிடும். மேலே ஓரம் உயர்ந்த மெத்தை. ஆனால் ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும்.

அடுத்தது தொட்டில். சாதாரணத் தொட்டிலில் கம்பிக்கு மேலே கையை நீட்டி, குனிந்து தூக்க வேண்டும். உட்கார்ந்தபடி அது நடக்காது. பக்கவாட்டில் கதவுபோல் திறக்கிற தொட்டில் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் தச்சரிடம் செய்துகொள்ளலாம், நானும் அப்படித்தான் செய்தேன். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டவே கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பக்கக் கம்பி மேலும் கீழுமாகச் சறுக்குகிற பழைய வகை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பி கழன்று குழந்தைகள் இறந்ததால் அமெரிக்காவில் 2011இல் அதைத் தடை செய்தார்கள்.

எங்கள் ஆயா (பாட்டி), “புடவையில தூளி கட்டித் தர்றேன், உனக்கு எந்த உயரம் வேணும்னு சொல்லு” என்றார். யோசித்தால் உயரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற இதைவிடச் சுலபமான சாமான் ஏது? என் மடிக்கு நேராகக் கட்டிக் கொடுத்தார். ஆனால் தூளியில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் பட்டு மூச்சு அடைபடலாம். அதனால் பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான். தூங்க வைப்பது சமமான, கெட்டியான மெத்தையில், மல்லாக்க.

[காட்சி: நெஞ்சோடு கட்டும் துணிப்பை. பக்கவாட்டில் கொக்கி.]

இங்கே சூலு இனத் தாய்மார் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வார்கள், ‘பெலேதா’ என்பார்கள். நாற்காலியின் சாய்மானம் இருப்பதால் நமக்கு அது முடியாது, முன்பக்கம்தான். நான் முதலில் வாங்கியதில் கொக்கி முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனால் உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது. மாவுப் பை நழுவித் தரையில் விழுந்து, மாவு வாசல்வரை சிதறியது. அன்றைக்கு அழுதேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரே கையால் மாட்டுகிற கொக்கி உள்ளதை வாங்கினேன். முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் படக் கூடாது, குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். இந்த மூன்றையும் கடையிலேயே பாருங்கள்.

உடுப்புக்கு ஜிப் போதும். காந்தப் பொத்தான் ஒரு கைக்காரர்களுக்கு வசதிதான், ஆனால் கழன்று வந்தால் விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. துவைக்கும் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள்.

கார் இருக்கை: தென்னாப்பிரிக்காவில் 2015 முதல் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது சட்டப்படி கட்டாயம். கைப்பிடி வைத்த கூடை வகை வேண்டாம். குழந்தையோடு சேர்த்துத் தூக்கினால் தோள் போய்விடும். காரிலேயே நிலையாக இருந்து கதவுப் பக்கம் திரும்புகிற இருக்கை நல்லது, விலைதான் அதிகம். வாங்குமுன் கொக்கியை உங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழந்தை திறக்கக் கூடாதென்று அதைக் கடினமாகவே செய்கிறார்கள். முடியாவிட்டால் வேறு மாதிரி பாருங்கள், கொக்கியை நீங்களாக மாற்ற வேண்டாம்.

அப்புறம் ஒன்று. 1994 முதல் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசம். செக்கப்புக்குப் போகும்போதே, அன்றாட வேலைகளை நம் உடம்புக்கு ஏற்றபடி செய்யச் சொல்லித்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மாவுப் பையையும் எடுத்துப் போங்கள். நீங்கள் தூக்குவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

[காட்சி: தரையில் தவழும் குழந்தை.]

மகளுக்கு இப்போது 10 மாதம். தோள் பட்டை வைத்த டங்கரி உடுப்பைத்தான் அவளுக்குத் தினமும் போடுகிறேன். என் கால்தாங்கியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். நான் குனிந்து ஒரு கையால் முதுகுப்பக்கப் பட்டையைப் பிடிக்கிறேன், மறு கையை அடியில் கொடுக்கிறேன். அவளே ஒரு காலைத் தூக்கி வைக்கிறாள்.