மிட்நைட் மாஸ்: நல்ல சாமியார், நீளமான பேச்சு

வணக்கம் நேயர்களே. பேய்த் தொடர் என்றால் திடீரென ஒரு முகம் வந்து அலற வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், மைக் ஃப்ளனகனின் 'மிட்நைட் மாஸ்' தொடரை முதலில் கொஞ்சம் பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, மொத்தம் 7 பகுதிகள். பார்க்காதவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிச்சை அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன்.

கிராக்கெட் தீவில் இருப்பதே 127 பேர். மீன்பிடித் தொழில் நொடித்துப்போன ஊர். வயதான பங்குத்தந்தைக்குப் பதிலாக ஃபாதர் பால் என்று இளையவர் ஒருவர் வருகிறார். ஹாமிஷ் லிங்க்லேட்டர் நடித்திருக்கிறார், தொடரையே தாங்குவது அவர்தான். இரண்டாம் பகுதியில், சக்கர நாற்காலியில் வரும் லீஸாவுக்கு நற்கருணை கொடுக்காமல், அப்பத்தை ஏந்தியபடியே பின்வாங்கிப் படியேறி நின்றுகொண்டு, வந்து வாங்கிக்கொள் என்கிறார். கோயிலே பதறுகிறது, இதென்ன கொடுமை என்று நமக்கும் கோபம் வருகிறது, அப்புறம் அவள் எழுந்து நடக்கிறாள்!

எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இவர் போலிச் சாமியார் இல்லை. அந்த வயதான பங்குத்தந்தையே இவர்தான். பாலைவனக் குகையில் தனக்கு இளமையைத் திருப்பித் தந்த இறக்கை முளைத்த அந்த மிருகத்தை வானதூதர் என்று மனசார நம்புகிறார், அதன் ரத்தத்தைத் திராட்சை ரசத்தில் கலந்து ஊருக்கே கொடுப்பதும் அன்பினால்தான். கெட்டவனிடமிருந்து ஓடிவிடலாம், நம்மேல் உயிரையே வைத்திருப்பவர் நீட்டும் கிண்ணத்தை எப்படி வேண்டாம் என்பது?

குறை என்றால், பேச்சு. சாமியார் நீளமாகப் பேசட்டும், பிரசங்கம் அவர் வேலை. ஆனால் சிறையிலிருந்து ஊர் திரும்பிய ரைலி, அவனுடைய பழைய காதலி எரின், ஊர்க் காவல் அதிகாரி ஷெரீஃப் ஹசன் என்று ஆளாளுக்குப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், அதுவும் எல்லோரும் ஒரே குரலில். செத்த பிறகு என்ன ஆகும் என்று ரைலியும் எரினும் சோஃபாவில் உட்கார்ந்து பேசுவதைத் தனியாகப் பார்த்தால் அருமையான காட்சி, ஆனால் நாலாம் பகுதியில் பயம் ஏறிக்கொண்டிருக்கும்போது அது வந்து எல்லாவற்றையும் ஆற வைத்துவிடுகிறது. அப்புறம் ஒப்பனை. மில்ட்ரெட் பாட்டியின் முகத்தில் ஒட்டிய சுருக்கங்கள் பளிச்சென்று தெரிவதால், இவர் இளமையாகப் போகிறார் என்று தொடக்கத்திலேயே ஊகித்துவிடலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும், ஐந்தாம் பகுதியின் கடைசிப் படகுக் காட்சிக்காகவே இதைப் பார்க்கச் சொல்வேன். ரைலி அங்கேயும் நிறையத்தான் பேசுகிறான், ஆனால் அந்த மிருகம் கடித்து மாறிப்போன அவன் வெயில் பட்டால் எரிந்துவிடுவான், விடிவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டிய பேச்சு அது.