கண்ணைப் பொத்திக்கொண்டால் பாப்பா இல்லை

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம். கைக்குழந்தையோடு வந்திருப்பவர்கள் நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள்.

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது தினமும் கண்ணாமூச்சி உண்டு. நான் பத்து எண்ணிவிட்டுத் திரும்பினால், கூடத்தின் நடுவில் நிற்பாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆடாமல் அசையாமல். "பாப்பா எங்கே?" என்று கேட்டால், "பாப்பா இங்க இல்லை" என்று பதில் வரும். நான் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று தேடுவேன். விரல் இடுக்கு வழியாகக்கூட எட்டிப் பார்க்க மாட்டாள். அவ்வளவு நேர்மை!

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்களே, அந்தக் கதைதான் இது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் கண்ணை மறைத்துவிட்டு, "உன்னை என்னால் பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். சரி, உன் உடம்பு தெரிகிறதா என்றால், அது தெரியும் என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். உடம்பு தெரிகிறது, 'நான்' தெரியவில்லை! கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் ஓர் ஆளைப் பார்த்ததாகக் கணக்கு. இதைப் படித்த அன்று, தூங்கிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகன் வேறு மாதிரி. இரண்டு வயதில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "உன்னைத் தூக்கவா?" என்பான். அவனை நான் தூக்க வேண்டுமாம். நாம் அவனிடம் அப்படித்தானே கேட்கிறோம்? எல்லாருக்கும் அவன் 'நீ'. அவன் மட்டும் தன்னை 'நான்' என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் கைமாறுகிற சொல் அது. அவன் அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.

தொலைபேசியில் பாட்டி, "சாப்பிட்டியாடா கண்ணா?" என்பார். இவன் பேசாமல் தலையை ஆட்டுவான். அவர் மறுபடி கேட்பார். இவன் இன்னும் பலமாக ஆட்டுவான். தான் ஆட்டுவது பாட்டிக்குத் தெரியும் என்றே நம்பினான்.

ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் புது இடத்தைத்தான் காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்ற எண்ணம்தான். நான்கு, ஐந்து வயதில் இது மெல்ல மாறுகிறது.

எங்கள் வீட்டில் அது மாறியதைச் சுவரில் பார்த்தேன். நீல நிறத்தில் முழ நீளத்துக்கு ஒரு கோடு. "யாருடா கிறுக்கினது?" என்றேன். "எறும்பு" என்றான். முதுகுக்குப் பின்னால் கையில் நீலக் கிரேயான். எனக்குக் கோபம் வரவில்லை. தன் தலைக்குள் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது என்பதை இவன் கண்டுபிடித்துவிட்டானே என்ற வியப்புதான் வந்தது. அப்புறம் இருவரும் சேர்ந்தே துடைத்தோம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். பிள்ளை முன்னாலேயே இதையெல்லாம் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். மகளின் கண்ணாமூச்சிக் கதையை ஒருநாள் உறவினர்களிடம் நான் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல நாள் விளையாட வரவே இல்லை. இன்று அவளைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் உங்களிடம் சொல்கிறேன்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் மறுபடி கண்ணாமூச்சி ஆடினோம். நிஜமாகவே எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, பழைய பழக்கத்தில், "பாப்பா எங்கே?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை.

வணக்கம்.