எஞ்சினுக்கு ஏற்ற ஆயிலின் பாகுநிலை

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கும் நாட்களில் வண்ணார்பேட்டையிலோ பேட்டையிலோ ஆயில் மாற்றுவதற்காக வண்டியை நிறுத்தினால், "நம்ம ஊரு வெயிலுக்குக் கட்டி ஆயிலா ஊத்திருங்க அண்ணாச்சி, எஞ்சின் சூடாகாது" என்ற ஆலோசனை அநேகமாகக் கிடைத்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அக்கறையோடு சொல்லும் சொல் அது. சில வண்டிகளுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அது பொருந்தாது. மோட்டார் வாகனத் தொழிலை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், ஆயிலின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கட்டியாக அல்லது இளகலாக இருக்கவேண்டும் என்பதை, தீர்மானிப்பது வெளியே அடிக்கும் வெயிலைவிட எஞ்சினுக்குள்ளே இருக்கும் இடைவெளிகளும் அங்கே நிலவும் சூடும்தான் என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆயில் டின்னின் மேல் 20 டபிள்யூ 50, 15 டபிள்யூ 40, 10 டபிள்யூ 30, 5 டபிள்யூ 30 என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.ஏ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் தொடங்கி வைத்து, பிறகு பலமுறை திருத்திய வகைப்பாட்டின் எண்கள் இவை. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும், பின்னால் வரும் எண் எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் காட்டுகின்றன. பின்னால் வரும் எண்ணுக்கான அளவீடு 100 டிகிரி செல்சியஸில் எடுக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் 30ஆம் தர ஆயிலின் பாகுநிலை பாகுநிலையை அளக்கும் அலகான சென்டிஸ்டோக் கணக்கில் 9.3 முதல் 12.5 வரைக்கும், 40ஆம் தரம் 12.5 முதல் 16.3 வரைக்கும், 50ஆம் தரம் 16.3 முதல் 21.9 வரைக்கும் இருக்கவேண்டும். முன்னால் வரும் எண்ணுக்கான சோதனை நாம் கண்ணால் காணாத குளிரில் நடக்கிறது: 20 டபிள்யூ ஆயிலை உறைநிலைக்கு 15 டிகிரி கீழேயும், 5 டபிள்யூ ஆயிலை 30 டிகிரி கீழேயும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

அப்படியானால் மார்கழியில்கூட அதிகாலை வெப்பம் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது அபூர்வமாக இருக்கும் நம் சமவெளிக்கும், மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மலைமேல் ஏறினாலும் உறைநிலையை எட்டாத நம் மாவட்டத்துக்கும், முதல் எண் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வைக்கும் வீடுகளில், ஆறிய பாகு கரண்டியை விட்டு இறங்க மறுப்பதையும், அதையே அடுப்பில் இளஞ்சூடு செய்தால் இழையாக ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆயிலும் அப்படித்தான். 100 டிகிரியில் அளவாக இருக்கும் ஆயில், இரவெல்லாம் நின்ற வண்டியில், 25 டிகிரி காலை வேளையில் பல மடங்கு கனமாக இருக்கும். 40 டிகிரி சூட்டில் அளந்தால்கூட 20 டபிள்யூ 50 ஆயிலின் பாகுநிலை 5 டபிள்யூ 30 ஆயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆகவே பனியே பெய்யாத ஊரிலும், காலையில் செல்ப் அடித்த முதல் சில விநாடிகளில் ஆயில் எவ்வளவு விரைவாக மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் போய்ச் சேர்கிறது என்பதில் வேறுபாடு உண்டு.

எஞ்சினுக்குள்ளே கிராங்க் ஷாப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இடைவெளியில், ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று சுழலும் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. எஞ்சினை வடிவமைப்பவர்கள் அந்த இடைவெளியையும், ஆயில் பம்பின் கொள்ளளவையும், ஆயில் போகும் துளைகளின் அகலத்தையும் குறிப்பிட்ட ஒரு பாகுநிலையை மனத்தில் வைத்தே தீர்மானிக்கிறார்கள். ஆயில் வேண்டியதைவிட இளகலாக இருந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். வேண்டியதைவிடக் கட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதில்லை.

கட்டியான ஆயிலை ஊற்றியதும் பிரஷர் மீட்டரில் முள் உயர்ந்து நிற்பதைக் காட்டி, எஞ்சினுக்கு நல்ல பிரஷர் கிடைக்கிறது என்று மகிழ்வார்கள். அந்த முள் காட்டுவது ஆயில் தன் பாதையில் சந்திக்கும் தடையை. பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும் ஆயிலின் அளவை அது காட்டுவதில்லை. தடை மிகும்போது பம்பை ஒட்டியுள்ள ரிலீப் வால்வு திறந்து, மேலே போகவேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கே திரும்ப அனுப்பிவிடுகிறது. ஆயில் பில்டருக்கும் அதே போன்ற ஒரு பைபாஸ் வால்வு உண்டு. குளிர்ந்த கட்டி ஆயில் பில்டர் தாளை ஊடுருவிச் செல்லத் தடுமாறும்போது அது திறந்து, வடிகட்டப்படாத ஆயிலையே எஞ்சினுக்குள் விடுகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணின் செம்புழுதி ஏர் பில்டரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும், அந்தத் துகள்கள் நேராகப் பேரிங்கைச் சென்றடையும். இதற்கும் மேலாக, கட்டி ஆயிலைக் கடைவதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் ஆயிலுக்குள்ளேயே சூடாக மாறுவதால், சூட்டைக் குறைப்பதற்காக ஊற்றிய ஆயிலே தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டுகிறது. மைலேஜும் குறைகிறது.

இனி வெயிலைப் பற்றிப் பார்ப்போம். தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்ற உறுப்பு, கூலண்ட் எனப்படும் அந்தக் குளிர்விக்கும் நீரின் சூட்டை ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரிக்குள் நிறுத்துகிறது. பாளையங்கோட்டையில் 40 டிகிரி வெயில் காய்ந்தாலும், ஊட்டியில் 15 டிகிரி குளிர் இருந்தாலும், அரை மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு இடத்திலும் ஆயிலின் சூடு பெரிதாக மாறுபடுவதில்லை. ஆனால் காற்றால் மட்டுமே குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் நிலைமை வேறு. சந்திப்பு மேம்பாலத்தில் மதியம் ஊர்ந்துகொண்டே போகும்போது, காற்றோட்டம் இல்லாமல், ஆயிலின் சூடு 100 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் ஏறிவிடும். ஏற்றத்தில் பாரம் சுமந்து மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு முதல் கியரில் ஏறும் வண்டிக்கும், கார் நெல் பருவத்துக்கோ பிசானத்துக்கோ வயலில் காலையிலிருந்து மாலை வரை ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டருக்கும் இதே நிலைதான். "கட்டி ஆயில்" என்ற பழைய அறிவுரை பிறந்தது இப்படிப்பட்ட எஞ்சின்களிடமிருந்து என்பதே என் கருத்து. அங்கே அது தவறும் இல்லை. 15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 ஆகியவற்றைத் தயாரிப்பாளர்களே அவ்வகை வண்டிகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அந்த அறிவுரையை, 0 டபிள்யூ 16 அல்லது 0 டபிள்யூ 20 கேட்கும் இன்றைய பெட்ரோல் காருக்கும் எடுத்துச் செல்வதில்தான் தவறு இருக்கிறது. அந்தக் காரில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் பொறியமைப்பே ஆயிலின் ஓட்டத்தை நம்பி இயங்குகிறது. கட்டி ஆயில் அதன் வேகத்தைக் கெடுத்துவிடும்.

புது ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "தண்ணி மாதிரி இருக்கே" என்று தயங்குவதையும் கைவிடவேண்டும். விரலின் சூடு 35 டிகிரி. எஞ்சின் பேரிங்கில் இருப்பது 100 டிகிரியும் அதற்கு மேலும். அந்தச் சூட்டில் 50ஆம் தர ஆயிலும் இளகித்தான் ஓடும். அதேபோல டீசல் எஞ்சினில் ஊற்றிய ஆயில் சீக்கிரமே கறுத்துவிடுவது, புகைக்கரியைத் தன்னுள் தாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்வதன் அடையாளமே தவிர, அது இளகிவிட்டதன் அடையாளம் இல்லை.

இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் பிளேட்டுகள் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. காருக்குரிய சிக்கன ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கப்பட்டிருப்பதால், அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இதற்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பு ஜேசோ எம்.ஏ., எம்.ஏ.2 என்ற குறியீடுகளை வகுத்திருக்கிறது. கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு எம்.பி. என்ற வேறொரு குறியீடு உண்டு. டின்னின் பின்புறம் இந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். மேலும், ஒரே ஆயில் குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்றதாக இருப்பதற்காகச் சேர்க்கப்படும் நீண்ட மூலக்கூறுகள், கியர் பற்களின் நடுவே நசுங்கி நசுங்கித் துண்டாகின்றன. அதனால் 50 என்று ஊற்றிய ஆயில் நாளடைவில் 40ஆம் தரத்துக்கு இறங்கிவிடக்கூடும். மோட்டார் சைக்கிளில் ஆயிலைக் குறித்த கிலோமீட்டருக்குள் மாற்றுவது அவசியம் என்று சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்கப்பட்ட பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும் என்பதால், பாகுநிலை எண் பொருந்தினால் மட்டும் போதாது. வண்டியோடு தரும் கையேட்டுப் புத்தகம் சொல்லும் தரக் குறியீடும் பொருந்தவேண்டும். அந்த வண்டியை எப்போதும் மேலப்பாளையத்துக்கும் டவுனுக்கும் இடையே குறுகிய தூரமே ஓட்டினால், கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை இளக்கும். ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்தால் அதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

வயதான எஞ்சின் புகை தள்ளி ஆயில் குடிக்கும்போது, புத்தகம் அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி உயர்ந்த தரத்தை ஊற்றுவது ஏற்கத்தக்கதே. 30 இருந்த இடத்தில் 40 போடலாம். அது தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் சரிசெய்யாது. எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்க்கும் வரை கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவே.

வண்டியோடு வந்த புத்தகம் தொலைந்துவிட்டால், எஞ்சினின் ஆயில் மூடியின் மேலேயே பல வண்டிகளில் தரம் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்தத் தயாரிப்பாளரின் சர்வீஸ் நிலையத்தில் வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டு, விடையை ஆர்.சி. புத்தக உறைக்குள் எழுதி வைத்துக்கொள்ளலாம். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே நான்கு வழிச் சாலையில் ஆயில் விளக்கு எரிந்தால், எஞ்சினை உடனே நிறுத்தி மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்து, சொன்ன தரம் கிடைக்கவில்லை என்றால், அருகில் கிடைக்கும் வேறு பாகுநிலையுள்ள எஞ்சின் ஆயிலை, பெட்ரோல் வண்டிக்குப் பெட்ரோலுக்கு உரியதாகவும் டீசல் வண்டிக்கு டீசலுக்கு உரியதாகவும் பார்த்து, மட்டம் வரை ஊற்றுங்கள். குறைந்த ஆயிலில் ஓட்டுவது அதைவிடப் பல மடங்கு தீங்கானது. விளக்கு அணைந்தால் மட்டும் பயணத்தைத் தொடருங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் அந்தக் கலப்பு ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு, பில்டரையும் மாற்றி, உரிய தரத்தை ஊற்றிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.