எஞ்சினின் ஒரு பக்கத்தில் மட்டும் உருளைகள் ஏன்?

தெலுக் இந்தானிலிருந்து ஓர் அன்பர் மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறார். சென்ற காணொளியில் காட்டிய, மரம் வெட்டும் காட்டில் ஓடிய அமெரிக்க நீராவி எஞ்சினுக்கு வலப்பக்கம் மட்டும் உருளைகள் (நீராவியின் விசையால் சக்கரங்களைச் சுழற்றும் சிலிண்டர்கள்) இருந்தது ஏன், செம்பனைக் குலை இழுக்கும் தோட்டத்துச் சிறு எஞ்சினே மழையில் வழுக்கும்போது அது மலையேறியது எப்படி, நம் மலேசியாவிலும் அவ்வாறு மரம் இழுத்தார்களா என்பவை அவை. முதல் இரண்டுக்கும் விடை ஒன்றே.

ஏற்றத்தில் ரயில் திணறுவதற்குப் பெரும்பாலும் வலுக்குறைவு காரணமன்று. தண்டவாளத்தில் சக்கரத்துக்குப் பிடிப்புப் போதாமையே காரணம். வழக்கமான நீராவி எஞ்சினில் சில பெருஞ்சக்கரங்களை மட்டுமே உருளைகள் சுழற்றுகின்றன. மற்றச் சக்கரங்கள் வெறுமனே உருள்வதால், அவற்றின் மீதுள்ள எடை இழுப்புக்கு உதவுவதில்லை. மிச்சிகனில் மரத்தொழில் நடத்திய எப்ரைம் ஷே, 1881-இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். அவர் பெயரால் வழங்கும் எஞ்சின்களில் உருளைகள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அவற்றின் கீழே நெடுக ஓடும் தண்டு, பல்சக்கரங்கள் வழியாக எல்லா அச்சுகளையும் சுழற்றும்; அதனால் எஞ்சினின் முழு எடையும் பிடிப்புக்கு உதவும். வளைவுகளில் முறியாதிருக்க, நீண்டு சுருங்கும் இணைப்புகள் அத்தண்டில் உண்டு. உருளைகளின் பாரத்துக்கு ஈடாகக் கொதிகலனைச் சற்றே இடப்பக்கம் தள்ளிவைத்திருப்பார்கள். ஆகவே முன்னால் நின்று பார்ப்பவருக்கு எஞ்சின் கோணலாகவே தெரியும். இரைச்சலைக் கேட்டால் பறப்பதுபோல் இருக்கும், ஆனால் நகர்வதோ ஆமை வேகம். மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ஊரில், 100 மீட்டருக்கு 11 மீட்டர் வரை உயரும் பாதையில், இவ்வகை எஞ்சின்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு இன்றும் ஏறுகின்றன.

வெட்டிய மரத்தைத் தண்டவாளம் வரை இழுத்து வந்தது வேறொரு பொறி. கலிபோர்னியாவின் ஜான் டால்பியர் 1882-இல் காப்புரிமை பெற்ற அந்த நீராவி இழுவைப்பொறி, பருமனான மரச்சட்டங்களின் மேல் அமர்ந்து வடத்தைச் சுற்றி இழுக்கும். அதை இடம் மாற்ற எருதுகூடத் தேவையில்லை; வடத்தின் நுனியை எதிரே நிற்கும் மரத்தில் கட்டிவிட்டால், தன்னைத்தானே இழுத்துக்கொண்டு முன்னேறிவிடும்.

மலாயாவில் அக்காலத்தில் மரம் இழுத்தவை பெரும்பாலும் எருமைகளும் மனிதத் தோள்களுமே. நீராவிக்கும் நம் காட்டுக்கும் இருந்த நெருங்கிய உறவு விறகில்தான் அமைந்தது. பேராக்கின் தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில்பாதை 1885-இல் திறக்கப்பட்ட பின் ரயில்பாதைகள் பெருகப் பெருக, அம்மாநிலத்து மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் (அலையாத்தி) மரங்கள் எஞ்சின் அடுப்புகளுக்கு விறகாயின. 1915-இல் சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் தொடங்கிய பிறகே நிலக்கரி விறகின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது.